போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயரில்லாமல்: குவிக் ஷேர், லோக்கல்சென்ட், கேடிஇ கனெக்ட், எஃப்டிபி – எது யாருக்கு?

"அண்ணே, ஃபைல் அனுப்ப எந்த ஆப் நல்லா இருக்கும்?" என்று மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். ரவுட்டர் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரில் ப்ளூடூத் இருக்கிறதா? இது தெரியாமல் ஆப் பெயரைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. டவுன்ஹால் ரோட்டு ஸ்டூடியோவில் சில நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுக்கும் ஆப், மேலூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் போனையே கண்டுபிடிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலும் ஆப் ஒன்றுதான், நெட்வொர்க் வேறு.

முதலில் இரண்டு பழக்கங்களைத் தள்ளி வைத்துவிடலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில், ஃபைல் அனுப்பப் பலரும் வைத்திருந்த ஷேர்இட்டும் ஜெண்டரும் போனபிறகு, நிறையப் பேர் வாட்ஸ்அப்புக்குத் தாவினார்கள். அதில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும், ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக்கூட இன்டர்நெட் வழியாகச் சுற்றித்தான் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தில் நின்றுகொண்டு மொபைல் டேட்டாவை நம்பி வீடியோ அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். ப்ளூடூத்துக்கு இன்டர்நெட் வேண்டாம், ஆனால் நடைமுறையில் நொடிக்கு 2 மெகாபிட் அளவில்தான் ஓடும். 1 ஜிபி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு போட்டோவுக்குச் சரி, அதற்குமேல் வேண்டாம்.

குவிக் ஷேர்

கூகுள் 2020-இல் நியர்பை ஷேர் என்று கொண்டுவந்தது, 2023-இல் விண்டோஸுக்கும் வந்து, 2024 ஜனவரியில் சாம்சங்கின் குவிக் ஷேரோடு ஒன்றானது. ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே இருப்பதால் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டால் போதும். 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே கூகுள் கணக்கு இருந்தால், ஒவ்வொரு முறையும் 'ஏற்கவா' என்று கேட்காமலே வாங்கிக்கொள்ளும். சொந்த லேப்டாப், சொந்த போன் என்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இது முதலில் ப்ளூடூத்தில் ஆளைத் தேடிப் பிடித்து, அப்புறம் வைஃபைக்கு மாறிக்கொள்ளும். கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்களில்தான். கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் ப்ளூடூத்தே இல்லாமல் இருக்கும், அப்போது போன் தெரியவே தெரியாது. குட்டி யுஎஸ்பி ப்ளூடூத் அடாப்டர் வாங்கிச் செருக வேண்டும், அல்லது இந்த ஆப்பை விட்டுவிட வேண்டும். இரண்டாவது வகை: ஆள் தெரிகிறது, ஃபைலும் போகிறது, ஆனால் எறும்பு ஊர்கிறது. வைஃபைக்கு மாற முடியாமல் ப்ளூடூத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு, இரண்டையும் ஒரே வைஃபையில் சேர்த்து, மறுபடி அனுப்புங்கள். போனே தெரியவில்லை என்றால், யாருக்குத் தெரிய வேண்டும் என்ற அமைப்பையும் பாருங்கள். 'எல்லோருக்கும்' என்று வைத்தாலும் போன் 10 நிமிடத்தில் அதைத் தானாக அணைத்துவிடும்.

லோக்கல்சென்ட்

ஸ்டூடியோக்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். திறந்த மூல மென்பொருள், விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்க வேண்டாம். ப்ளூடூத் தேவையே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஐபோனில் எடுத்ததையும் பெண் வீட்டுக்காரர் ஆண்ட்ராய்டில் எடுத்ததையும் ஒரே கம்ப்யூட்டரில் வாங்க வேண்டிய வேலைக்கு, இந்த நான்கில் இதுவே சரியாக வரும். ஆப் போட மனமில்லாதவருக்கு, பிரவுசரில் திறந்து இறக்கிக்கொள்ளும் லிங்க்காகவும் அனுப்பலாம்.

இரண்டு கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில், ஒன்றையொன்று பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதே இதன் ஒரே நிபந்தனை. மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குப் போகிறது, போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், விண்டோஸ் ஃபயர்வால், அதாவது கம்ப்யூட்டரின் காவல்காரன். புதிதாகச் சேரும் வைஃபையை விண்டோஸ் வழக்கமாகப் 'பப்ளிக்' என்று குறித்துவைத்து, வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுத்துவிடும். வைஃபை ப்ராப்பர்டீஸில் போய் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், ஃபயர்வாலில் 53317 என்ற போர்ட்டை (இந்த ஆப் வந்துபோகும் வாசல் எண்) டிசிபி, யுடிபி என்ற இரண்டு இணைப்பு முறைகளுக்கும் திறந்துவிடுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். போனில் விபிஎன் ஓடினால் அணைத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் தெரியவில்லை என்றால், போனின் ஐபி எண்ணையும் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கம்ப்யூட்டரின் ஐபி எண்ணையும் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. மாசி வீதிகளில் உள்ள பழைய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். முன்கட்டில் ஒரு ரவுட்டர், கனத்த சுவரைத் தாண்டிச் சிக்னல் வராததால் மாடியில் இன்னொன்று. மாடி ரவுட்டரின் 'வான்' துளையில் (வெளி இணைப்புக்கானது) கேபிளைச் செருகியிருப்பார்கள், அது தனி நெட்வொர்க் ஆகிவிடும். அதை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், அதன் எண் முன்கட்டு ரவுட்டரின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி எண் வழங்கும் வேலை) அணைத்து, கேபிளை 'லான்' துளைக்கு (உள் நெட்வொர்க்குக்கானது) மாற்றுங்கள்.

எண்கள் ஒத்துப்போகின்றன, ஃபயர்வாலும் திறந்திருக்கிறது, இன்னும் தெரியவில்லையா? ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' என்ற, கருவிகளைத் தனித்தனியே பிரிக்கும் அமைப்பு போடப்பட்டிருக்கும், அல்லது நீங்கள் விருந்தினர் வைஃபையில் இருப்பீர்கள். லாட்ஜ், ஹாஸ்டல், மண்டபம் மாதிரி இடங்களில் ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்று வேண்டுமென்றே இப்படி வைப்பார்கள். நியாயமான ஏற்பாடுதான், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கேடிஇ கனெக்ட்

இதை ஃபைல் அனுப்பும் ஆப் என்று மட்டும் நினைத்தால் குறைத்து மதிப்பிடுவதாகிவிடும். போனில் வரும் அறிவிப்புகள் கம்ப்யூட்டரில் தெரியும், இங்கே காப்பி செய்ததை அங்கே ஒட்டலாம். லினக்ஸில் போனின் ஃபோல்டர்களையே திறந்து பார்க்கலாம். உபுண்டு வைத்திருக்கும் டிடிபி கடைக்காரருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். விண்டோஸில் அத்தனை வசதி இல்லை. ஒருமுறை ஜோடி சேர்த்தால் போதும் என்பதால் தினசரி ஒரே போன், ஒரே கம்ப்யூட்டருக்குப் பொருத்தம். வாடிக்கையாளரின் போனிலிருந்து வாங்குவதற்கு வேண்டாம். போர்ட்கள் 1714 முதல் 1764 வரை. மற்றபடி லோக்கல்சென்டுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். திரை அணைந்ததும் தொடர்பு அறுந்தால், போனின் பேட்டரி அமைப்பில் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

எஃப்டிபி

நெட்வொர்க்கில் ஃபைல் மாற்றும் பழைய முறை, ஆனால் இன்னும் வேலைக்காகும். பல ஃபைல் மேனேஜர் ஆப்களில் எஃப்டிபி சர்வர், அதாவது போனின் ஃபைல்களைக் கம்ப்யூட்டருக்குத் திறந்துவிடும் வசதி, உள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம் என்பது பெரிய அனுகூலம். போனில் தொடங்கியதும் ftp://192.168.1.5:2121 மாதிரி ஒரு முகவரி காட்டும். அதைக் குரோமில் அடித்துவிட்டு "திறக்கலையே" என்று விட்டுவிடுகிறார்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-லேயே எஃப்டிபியைக் கைவிட்டுவிட்டன. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில், முன்னால் உள்ள ftp:// விடாமல் அடியுங்கள், திறக்கும்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. 'காதணி விழா' என்று தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எக்ஸ்ப்ளோரரில் கிறுக்கலாகத் தெரியலாம். ஃபைல்ஜில்லா என்ற எஃப்டிபி மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு அதில் திறந்தால் பெயர் ஒழுங்காக வரும், பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யும். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும், அதனால் வீட்டு வைஃபையைத் தாண்டி எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

இதையே திருப்பிப்போட்டு, விண்டோஸில் ஃபோல்டரை ஷேர் செய்து போனிலிருந்து திறப்பவர்களும் உண்டு. அதில் விண்டோஸ் பின் எண் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் ஏற்காது.

வேகம்

ஸ்டூடியோவில் 300 எம்பிபிஎஸ் இணைப்பு எடுத்தும் வேகம் இல்லை என்பார்கள். அது இன்டர்நெட்டின் வேகம். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போவது ரவுட்டரோடு முடிகிறது. பார்க்க வேண்டியது அலைவரிசையை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். நெருக்கமான தெருவில் அத்தனை வீடும் இந்த மூன்றையும் பங்குபோட வேண்டும். நல்ல நிலையிலேயே நொடிக்கு 5 எம்பி அளவில்தான் கிடைக்கும், 10 ஜிபி வீடியோவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல். 5 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தால் அதே வீடியோ ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கனத்த சுவர்களைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் திணறும், அதனால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலையைச் செய்யுங்கள். எந்த அலைவரிசையில் இருக்கிறோம் என்று விண்டோஸின் வைஃபை ப்ராப்பர்டீஸிலேயே தெரியும்.

கம்ப்யூட்டரை லான் கேபிளில் ரவுட்டரோடு இணைப்பது நல்லது, ஃபைல் இரண்டு முறை காற்றில் போக வேண்டியதில்லை. ஆனால் ரவுட்டரின் துளை 100 எம்பிபிஎஸ் (மெகாபிட்) மட்டும் என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 12 எம்பியைத் தாண்டாது. கிகாபிட் துளைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

மண்டபத்திலும் கரண்ட் இல்லாதபோதும்

முன்பு சொன்ன வேறு வழி, போனின் ஹாட்ஸ்பாட். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் எடுத்தால் ரவுட்டர் அணைந்துவிடும், லேப்டாப்பில் பேட்டரி இருக்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள், லேப்டாப்பை அதில் சேருங்கள், லோக்கல்சென்டைத் திறங்கள். இன்டர்நெட் இல்லை என்று விண்டோஸ் சொல்லும், பொருட்படுத்த வேண்டாம். ஹாட்ஸ்பாட்டும் புது நெட்வொர்க் என்பதால் 'பிரைவேட்' ஆக்க மறக்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் 2.4 மட்டும் உள்ள பழைய லேப்டாப்பில் அதன் பெயரே தெரியாது. அப்போது 2.4-க்கு மாற்றுங்கள். குவிக் ஷேர் ரவுட்டர் இல்லாமலும் நேரடியாக இணைய முயலும், ஆனால் வாடிக்கையாளர் காத்திருக்கும் இடத்தில் நான் ஹாட்ஸ்பாட்டையே நம்புவேன்.

ஒரு முழுக் கல்யாணத்தின் 100 ஜிபியை மாற்ற வேண்டும் என்றால் வயரையே எடுங்கள். வயரில்லாமல் அனுப்பினால், போனில் அழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பார்த்து, கடைசி வீடியோவைக் கம்ப்யூட்டரில் இறுதிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.