முட்டையா, இசப்கோலா, ஆளி விதையா? குளூட்டன் இல்லாத விதை ரொட்டிக்கு எது பிடிமானம்

கோதுமை ரொட்டி உதிராமல் நிற்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால். அது இல்லாத விதை, கொட்டை ரொட்டியில் அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். வீட்டில் அதற்கு மூன்று வழி: முட்டை, இசப்கோல் உமி, அரைத்த ஆளி விதை.

முட்டை வழிதான் சுலபம். சூரியகாந்தி விதை, பூசணி விதை, எள், நறுக்கிய பாதாம், வால்நட் எல்லாம் சேர்த்து 500 கிராம், 5 முட்டை, 80 மில்லி எண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. கலந்து, பட்டர் பேப்பர் விரித்த அச்சில் கரண்டியால் அழுத்தி நிரப்பி, 160 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். ஊற வேண்டியதில்லை. வறுத்த கொட்டையின் மணமும் மொறுமொறுப்பும் இதில்தான் முழுசாகக் கிடைக்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. முழுப் பாதாம் கத்தியில் சிக்கினால் துண்டு அங்கேயே பிளந்துவிடும். அதனால்தான் நறுக்கச் சொல்கிறோம். சரியாக அழுத்தாவிட்டால் முட்டை அடியில் தேங்கி ஆம்லெட் போலப் படியும், மேல்பாதி உதிரும்.

தினமும் சாப்பிட இசப்கோல் ரொட்டிதான் எங்கள் தேர்வு. 350 கிராம் விதையும் கொட்டையும், 150 கிராம் ஓட்ஸ், 25 கிராம் இசப்கோல் உமி, 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 375 மில்லி தண்ணீர். உமி தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, குளூட்டனைப் போலவே இழுபடும் பிடிப்பைத் தருகிறது. அதற்கு எல்லாம் கலந்து, பேப்பர் விரித்த அச்சில் நிரப்பி, 2 மணி நேரமாவது ஊற விட வேண்டும். ஓரத்துப் பேப்பரை மெல்ல விலக்கிப் பாருங்கள்: மாவு சரியாமல் சுவர் போல நின்றால் ஊறிவிட்டது. 175 டிகிரியில் 20 நிமிடம் அச்சோடு, பிறகு அச்சிலிருந்து எடுத்துக் கவிழ்த்து இன்னும் 35 முதல் 40 நிமிடம். கவிழ்க்காமல் விட்டால் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலிக்க வேண்டும். முழுக்க ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் கூழ் இறுகியிருக்காது, கத்தியில் அப்பும்.

சில இசப்கோல் பொடிகள் ரொட்டியை ஊதா நிறமாக்கும். உப்பலாக வரட்டும் என்று சமையல் சோடா சேர்த்தால் சூரியகாந்தி விதை பச்சையாக மாறும். விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. இரண்டுமே கெடுதல் இல்லை. சோடாவுக்கு இந்த ரொட்டியில் வேலையும் இல்லை.

ஆளி விதை மட்டும்? 60 கிராம் பொடியை 180 மில்லி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வழவழப்பான கூழ் வரும். முழு விதையாகப் போட்டால் அந்த அளவுக்குக் கூழ் விடாது. முட்டையும் இசப்கோலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் நடுப்பகுதி களியாகவும் ஓரம் உதிரியாகவும் வரும். பெரிய ரொட்டியாகச் சுடாமல், ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பிச் சுடுவதே நல்லது.

சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்கு என்றால் ஓட்ஸ் பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்கலாம். இசப்கோல் ரொட்டி சாப்பிடும்போது தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

இரண்டு ரொட்டியையும் துண்டு போட்டு, இடையில் பேப்பர் வைத்து உறையவைக்கலாம். இசப்கோல் துண்டை அப்படியே டோஸ்டரில் இரண்டு முறை போடுங்கள். முட்டைத் துண்டு டோஸ்டருக்குள் உடைந்து விழும், அதைத் தவாவில் சூடாக்குங்கள். கோதுமை ரொட்டி போடும் டோஸ்டர் மட்டும் சீலியாக் உள்ளவர்களுக்கு வேண்டாம். அதிலுள்ள துகள் ஒட்டினாலே பாதிப்பு வரலாம்.