யெல்லோஸ்டோனில் ஐந்து டாலர் புத்தகமும் ஒரு ஸ்டாப்வாட்சும்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, 2024 ஜூனில் எல்லோருமாக யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். அங்கே உள்ள அருவியையும் பைசன் என்ற காட்டெருமைகளையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது, அவ்வப்போது உயரப் பீறிட்டுப் பொங்கும் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றின் பார்வையாளர் மையத்தில் ஐந்து டாலருக்கு வாங்கிய ஒரு மெல்லிய புத்தகத்தைப் பற்றி. அதன் பெயர் யங் சயன்டிஸ்ட். 31 வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். இப்படி ஒன்று என் கையில் அப்போதே இருந்திருக்கக் கூடாதா என்று அந்த இரண்டு நாளும் ஏங்கினேன்.

விஷயம் இதுதான். புத்தகத்தைக் காட்டினால் கூடவே ஒரு பையைக் கடனாகக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு ஸ்டாப்வாட்ச், தொடாமலே வெப்பம் காட்டுகிற அகச்சிவப்பு வெப்பமானி, இன்னும் ஓரிரண்டு சாமான். பிள்ளைகள் மரப்பலகை நடைபாதையில் நடந்து, அளந்து, எழுதி, திரும்பி வந்து ரேஞ்சரிடம் (பூங்கா ஊழியரிடம்) காட்ட வேண்டும். அவர் பார்த்துவிட்டு ஒரு துணி வில்லை தருவார். புத்தகம் வயதுக்குத் தகுந்தபடி வேறு வேறு.

இதற்கு முந்தின கோடையில் பேத்தியை ஓர் அறிவியல் முகாமில் சேர்த்திருந்தார்கள். சோடா உப்பில் வினிகரை ஊற்றி எரிமலை செய்தார்கள். என்ன நடக்கும் என்பது தாளின் அடியிலேயே அச்சாகியிருந்தது. படித்துவிட்டு ஊற்றினால் அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? குழந்தை வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் புத்தகமோ கேள்வியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பதிலை ஊற்றுதான் சொல்ல வேண்டும்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஊற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மணி அடித்த மாதிரி பொங்குவதில்லை. ஒரு தடவை எவ்வளவு நேரம் பொங்கியது என்பதைப் பார்த்தால் அடுத்தது எப்போது என்று கணிக்கலாம். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அடுத்தது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். அதற்கு மேல் நீடித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். காரணம் எளிது: கொஞ்ச நேரம் பொங்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் குறைவாகத்தான் வெளியேறும், மறுபடி நிரம்பிச் சூடேறச் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் இந்தக் காரணத்தை நான் முதலில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

காலை 10:12-க்கு நீர் எழும்பியது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் போனைத் தூக்கினார்கள். ஒன்பது வயதுப் பேத்தி மட்டும் தலையைக் குனிந்து ஸ்டாப்வாட்சையும் ஊற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல் பொத்தானிலேயே இருந்தது. கடைசித் தெறிப்பு விழுந்ததும் அமுக்கினாள்: 3 நிமிடம் 40 விநாடி. "நீளம்தான் பாட்டி, நிறைய தண்ணி போயிடுச்சு. அதனால லேட்டாதான் வரும்" என்றாள். நான் சொல்லாமல் வைத்திருந்த காரணத்தை அவளே சொல்லிவிட்டாள். 93 நிமிடம் என்று வைத்து, 11:45 என்று பென்சிலால் எழுதினாள்.

அப்புறம் காத்திருப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு 40 நிமிடம். காத்திருக்கக் கற்றுக்கொடுக்க அதில் இடமே கிடையாது. இங்கே வேறு வழியில்லை. 11:45 ஆனது. ஆவி மட்டும் வந்தது. அவள் முகம் வாடிப்போனது. 11:51-க்குத்தான் பொங்கியது. "தப்பாயிடுச்சு" என்று அழிரப்பரைத் தேடினாள். அழிக்க வேண்டாம், பக்கத்தில் உண்மையான நேரத்தையும் எழுது என்றேன். அதை ரேஞ்சரிடம் காட்டியபோது அவர் கீழே குனிந்து, எத்தனை நிமிடம் தள்ளி வந்தது என்று கேட்டார். ஆறு என்றாள். பூங்கா அறிவிக்கிற நேரமும் பத்து நிமிடம் முன்பின் என்றுதான் இருக்கும், நீயும் அதற்குள்தான் இருக்கிறாய் என்றார். அளவுப்பிழை என்பதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிப்போட்டிருக்கிறேன். ஒரு குழந்தைக்கு அது ஆறுதலாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் வெப்பமானி. ஒரு குளத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. குறிபார்த்தால் 196 டிகிரி ஃபாரன்ஹீட். உட்கார்ந்து செல்சியஸுக்கு மாற்றினோம்: 91. "கொதிக்குது, ஆனா 100 வரலையே?" அருமையான கேள்வி. ஓல்டு ஃபெய்த்ஃபுல் பகுதி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மீதி இரண்டு டிகிரி எங்கே போனது? கருவி தண்ணீரின் மேற்பரப்பைத்தான் அளக்கிறது, இடையில் ஆவி வேறு. இந்த இரண்டு டிகிரியைப் பற்றி நாங்கள் கால் மணி நேரம் பேசினோம்.

பிறகு ஒரு குளத்திலிருந்து வழிந்தோடுகிற வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஊற்றுக்கு அருகில் நிறமே இல்லை. கொஞ்சம் தள்ளி வெளிர் மஞ்சள். அளந்தால் 161, அதாவது 72 செல்சியஸ். இன்னும் தள்ளிப் போனால் அடர்ந்த ஆரஞ்சும் பழுப்பும். அங்கே 124, அதாவது 51. அந்த நிறமெல்லாம் உயிர்கள், வெந்நீரில் ஒளிச்சேர்க்கை செய்து வாழ்கிற நுண்ணுயிர்கள். ஒளிச்சேர்க்கை நடக்கக்கூடிய உச்ச வெப்பம் ஏறக்குறைய 73 டிகிரி. அதற்கு மேல் இந்த மஞ்சள் இருக்காது. பேத்தி எழுதிய எண் அந்த எல்லைக்கு ஒரு டிகிரி கீழே நின்றதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

1966-இல் தாமஸ் பிராக் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் இதே பூங்காவின் வெந்நீர் ஊற்றில்தான் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை எடுத்தார்கள். கொதிக்கிற சூட்டுக்குப் பக்கத்திலும் கெடாத அதன் நொதியால்தான் மரபணுப் பொருளைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை சுலபமானது. கொரோனா நேரத்தில் உன் மூக்கில் குச்சியை விட்டார்களே, அந்தச் சோதனையின் வேர் இங்கே இருக்கிறது என்றேன். அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆறு வயதுப் பேரனுக்கு இவ்வளவு பொறுமை இல்லை. கூடவே இருந்து யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டினால் சோர்ந்துவிடுகிறான். அவன் வயதுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம்தான் சரி. அமெரிக்காவின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் அது உண்டு. பார், வரை, அடையாளம் கண்டுபிடி என்ற அளவில் இருக்கும். முடித்தால் வலக்கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். பைசனிடமிருந்து 25 கெஜம், கரடி, ஓநாயிடமிருந்து 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று உறுதிமொழி எடுத்த பிறகு, அவன் எங்களையே பின்னால் இழுத்தான். எட்டு வயதுக்கு மேல் என்றால் யோசிக்காமல் யங் சயன்டிஸ்ட் வாங்குங்கள். எந்த வயதானாலும் நடைபாதைப் பலகையை விட்டுக் கால் இறங்கக் கூடாது. மேலே கெட்டியான தரை மாதிரித் தெரிவது மெல்லிய ஓடு, கீழே கொதிநீர். பேரன் கையை நான் விடவே இல்லை.

செலவைச் சொல்ல வேண்டும். காருக்கு நுழைவுக் கட்டணம் அப்போது 35 டாலர். பேத்தி நான்காம் வகுப்பு என்பதால், அங்கே அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் என்ற இலவச அனுமதிச் சீட்டில் காரோடு எல்லோரும் இலவசமாகப் போனோம். செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரை செல்லும் சீட்டு அது. நாங்கள் போன நேரத்தில் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த ஒரு வருடத்தைத் தவறவிடாதீர்கள்.

பையை அரை நாளாவது வைத்திருக்கிற மாதிரி திட்டமிடுங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விட்டால் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டாம். முக்கியமாக, ஊற்று முதல் தடவை பொங்குவதைப் பார்ப்பதற்கு முன்பே புத்தகத்தை வாங்கிவிடுங்கள். பார்த்த பிறகு வாங்கினால் அளப்பதற்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம் ஆகும். முன்பே வாங்கியும் எங்களுக்கு இன்னொரு காத்திருப்பு வந்தது: மறுநாள் பேத்தி இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்றாள், நாங்கள் எல்லோரும் அதே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தோம்.