2 ஜிபி லேப்டாப்பில் இசட்-ரேம் எப்படி?

2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இசட்-ரேம் (zram) என்ற லினக்ஸ் வசதிதான். ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது அதிலிருப்பதை மாற்றிவைக்கும் இடம்) வைத்தால் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததுமே டிஸ்க் கரகரவென்று ஓடும், மவுஸ்கூட நகராது. இசட்-ரேம் அப்படியில்லை, ரேமில் அதிகம் தொடாத தரவுத் துண்டுகளைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, டிஸ்க் பக்கமே போவதில்லை. ஃபெடோரா லினக்ஸில் 33-ஆம் பதிப்பு முதல் தானாகவே வருகிறது. செலவு? கொஞ்சம் சிபியு, அவ்வளவுதான்.

ஹைபர்னேட் (ரேமில் இருப்பதைச் சேமித்துவிட்டு லேப்டாப்பை முழுக்க அணைப்பது) வேண்டுமென்றால் மட்டும் இது உதவாது. மின்சாரம் நின்றால் ரேமில் இருப்பதும் போய்விடுமே, அதற்கு டிஸ்கில் தனியாக ஒரு ஸ்வாப் வேண்டும். அப்புறம், ஸ்வாப்பினஸை (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எண்) வழக்கமான 60-லேயே விடாமல் 100-க்கு ஏற்றிவிடுங்கள். கூடுதல் ரேம் போட இடமிருந்தால் அதுவே மேல், ஆனால் பல மலிவு லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்களே!