விறகுச் சாய்ப்பு: பட்டறைக்காரர் செய்த வேலையும் விட்டுச்சென்ற வேலையும்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விறகின் தேவை ஒழியவில்லை. குளிக்க வெந்நீர் வைப்பது, நெல் அவிப்பது, விசேஷங்களுக்கு அண்டா ஏற்றுவது எல்லாம் இன்றும் விறகில்தான் நடக்கின்றன. அதற்கான கருவேலங்கட்டையும் சவுக்கு மிளாரும் தென்னை மட்டையும் இதுவரை கொல்லையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. அந்தப் பாய் மழையைத் தடுத்ததைக் காட்டிலும் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்ததே அதிகம். கார்த்திகையில் அதை விலக்கினால் அடிக்கட்டைகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும், அதற்கும் கீழே கரையான் மண் ஏறியிருக்கும். ஆகவே சென்ற ஆண்டு ஆவணியில் வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு, அதாவது ஒருபக்கமாகச் சரியும் கூரை, இறக்க முடிவு செய்து, பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறை ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகே இதை எழுதுகிறேன்.

சாய்ப்பின் நீளம் 14 அடி, அகலம் 6 அடி. சுவரோரம் 8 அடி உயரமும் முன்புறம் 7 அடி உயரமும் வைத்ததால், மழைநீர் தேங்காமல் வழியப் போதுமான சரிவு கிடைத்தது. முன்புறம் 2 அங்குலச் சதுர ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் மூன்று கால்கள், மேலே மேடும் பள்ளமுமாக வரும் 0.5 மி.மீ. கலர் ஷீட், அதாவது வண்ணம் பூசிய இரும்புத் தகடு. பொருளும் கூலியும் சேர்த்து ரூ. 28,500 ஆயிற்று. சொன்னபடி மூன்று நாளில் முடித்துக் கொடுத்தார்கள்.

எந்தச் சுவரில் இறக்குவது என்பதில்தான் முதல் கருத்து வேறுபாடு. அடுப்படிக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக வடக்குச் சுவரைப் பட்டறைக்காரர் காட்டினார். எங்கள் பகுதியில் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடையோடும் கொண்டலோடும் சாய்வாக அடிக்கும் என்பதால், வடக்கில் எத்தனை அகலமாகக் கூரை போட்டாலும் விறகு நனையவே செய்யும். மேற்குச் சுவரில் வீடே அந்தச் சாரலை மறைத்துக்கொள்கிறது. ஆடியில் அடிக்கும் மேல்காற்று அடுக்குக்குள் புகுந்து கட்டையைக் காய வைக்கிறது. கோடையில் மாலை நேரத்து இடிமழை மேற்கிலிருந்து வந்து முன்வரிசையை நனைப்பது உண்மைதான் என்றாலும், மறுநாள் வெயிலில் அது உலர்ந்துவிடுகிறது. இந்த விஷயத்தில் நான் சொன்னதை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

இரும்பு வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலில் தென்னைகளோடு கூரைத் தகடுகளும் பறந்ததைக் கண்ட ஊர் இது. மூன்று பக்கமும் திறந்த சாய்ப்பைக் காற்று கீழிருந்துதான் தூக்கும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்களை 2 அடி ஆழக் குழியில் காங்கிரீட் இட்டு நிறுத்தினார்கள். சுவர்ப்பக்கச் சட்டத்தை ஆங்கர் போல்ட் கொண்டு இறுக்கினார்கள். ஷீட்டின் நடுப்பகுதியில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ அடித்தவர்கள், காற்றின் இழுப்பு அதிகமாக இருக்கும் ஓரங்களில் எல்லா மேடுகளிலும் அடித்தார்கள். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் ஒரு ஸ்க்ரூ கூட இல்லை. ரப்பர் வாஷர்கள் நசுங்காத அளவுக்கே முடுக்கப்பட்டிருந்ததை ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.

கோளாறு சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் வந்தது. அந்த இடுக்கை மூட அவர்கள் செய்ததெல்லாம், ஒரு தகட்டுப் பட்டையை வைத்துச் சுவரோரம் சிலிக்கான் இழுத்ததுதான். கேட்டதற்கு, “பத்து வருஷத்துக்கு அசையாது சார்” என்றார் பட்டறைக்காரர். ஐப்பசியின் இரண்டாவது மழையிலேயே அசைந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் சிலிக்கான் பிடித்தது சுண்ணாம்பைத்தான், சுவரையன்று. வெயிலில் தகடு விரிந்து சுருங்கியதில் சுண்ணாம்புப் பொருக்கோடு அது உரிந்து வந்துவிட்டது. சுவர் வழியாக இறங்கிய நீர் பின்வரிசைக் கட்டைகளை மட்டும் நனைத்ததால், முன்னால் நின்று பார்த்த எங்களுக்கு ஒரு வாரம்வரை எதுவும் தெரியவில்லை. மூன்று முறை தொலைபேசியில் அழைத்த பிறகு ஆள் வந்தது. சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்கு நீளவாக்கில் காடி (ஒடுங்கிய பள்ளம்) வெட்டி, பட்டையின் மேல்விளிம்பை மடித்து அதற்குள் செருகி, சிமெண்ட் பூசினார்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஷீட்டைக் கட்டிங் வீல் வைத்து அறுத்தது இன்னொரு குறை. தீப்பொறி பட்ட இடங்களில் பூச்சு கருகி, ஆறே மாதத்தில் அறுத்த ஓரம் நெடுகச் செம்பழுப்பாகத் துரு கண்டுவிட்டது. தகடு வெட்டும் கத்தரியால் வெட்டியிருந்தால் இது வந்திருக்காது.

தரையைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. பைக் நிறுத்தும் கொட்டகைக்கும் விறகுக் கொட்டகைக்கும் அவரைப் பொறுத்தவரை வேறுபாடு கிடையாது. ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசையாக வைத்து, அவற்றின் மேல் பழைய பைப்புகளைப் போட்டு, தரையிலிருந்து 8 அங்குலம் உயர்த்தி நானே அடுக்கினேன். சுவருக்கும் அடுக்குக்கும் இடையே அரை அடி விட்டதால் காற்று போகிறது. கரையான் ஏறினாலும் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். பாம்பும் தேளும் விறகடுக்கைத் தேடி வரும் என்பதால் கீழே உள்ள வெற்றிடத்தில் எதையும் போட்டு வைப்பதில்லை. கூரைநீர் விழும் இடத்தில் மண் தெறித்து அடிவரிசையை அழுக்காக்கியதால், அங்கே ஓரடி அகலத்துக்கு ஜல்லி கொட்டினேன்.

பங்குனியில் வெட்டி அடுக்கிய கருவேலங்கட்டைகள் இப்போது ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கின்றன. முனைகளில் வெடிப்பு விட்டிருக்கிறது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகுதான் புகையாமல் எரியும் என்பார்கள். என்னிடம் அளவிடும் கருவி இல்லை. வெந்நீர் அடுப்பில் ஊதுகுழலுக்கு வேலை குறைந்திருப்பதே எனக்குப் போதுமான அளவுகோல்.

தை பிறந்ததும் அடுப்படிப் பக்கம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேல் இன்னொரு சாய்ப்பு இறக்க இருக்கிறோம். அதற்கும் இதே பட்டறையைத்தான் அழைத்திருக்கிறேன். சுவரில் காடி வெட்டுவதையும் ஷீட்டைக் கத்தரியால் வெட்டுவதையும் இம்முறை அவர் கையாலேயே விலைப்பட்டியலில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.