சட்டிக்கு முன்னால் நிற்கிற ஒக்பேப்

பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போடுவார்கள். அங்கே ஃபிரைட் ரைஸ் கிளறுகிற அண்ணன், தீ சட்டிக்கு மேலே எழும்பும்போதுகூட கண் சிமிட்டமாட்டார். நெட்ஃபிளிக்ஸில் 'ஹங்கர்' (2023) பார்க்கும்போது அதே கண்ணை ஒரு நடிகையிடம் பார்த்தேன். பெயர் சுத்திமோன் சுவெங்சரோன்சுக்யிங். தாய்லாந்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு கூப்பிடுகிற பெயர் உண்டு, இவருடையது ஒக்பேப், 'வடிவமைப்பு' என்று அர்த்தம்.

பாங்காக்கில் குடும்பத்தின் நூடுல்ஸ் கடையில் சட்டி பிடிக்கிற ஆய் என்ற பெண், பணக்காரர்களுக்குச் சமைக்கிற செஃப் பாலிடம் வேலைக்குப் போகிறாள். அவர் கேட்கிற பதத்தில் இறைச்சியை வதக்க வராமல் திரும்பத் திரும்ப வதக்குவாள் பாருங்கள், கையெல்லாம் சூடு, அழுகை வர வேண்டிய முகத்தில் பிடிவாதம். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம், பின்பாதியில் ஏழை பணக்காரன் என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒக்பேப் மட்டும் ஒரு இடத்திலும் தளரவில்லை.

மாடலிங்கிலிருந்து வந்த இவருடைய முதல் படம் 'பேட் ஜீனியஸ்' (2017). லின் என்ற ஸ்காலர்ஷிப் மாணவி தோழிக்காக ரப்பரில் விடை எழுதி ஷூவுக்குள் வைத்துத் தள்ளிவிடுவதில் ஆரம்பித்து, பியானோ விரலசைவில் விடை சொல்லிக் காசு வாங்கி, அங்கே பரீட்சை முன்னாலேயே முடிந்துவிடும் என்கிற நேர வித்தியாசத்தை நம்பி சிட்னிவரை போய்ப் பரீட்சை எழுதுகிறாள். அவள் அப்பாவிடம் பள்ளிக்கூடம் 'டீ மணி' வாங்கியிருக்கிறது, அதாவது நம்ம ஊர் டொனேஷன்தான். எல்.கே.ஜி. சீட்டுக்கே நகையை அடகு வைக்கிற சென்னையில் அந்தக் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைக் கத்தாமல், தாடையை மட்டும் இறுக்கி ஒக்பேப் காட்டிவிடுகிறார்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது 'ஹேப்பி ஓல்ட் இயர்' (2019). வீட்டை ஆபீஸாக மாற்றுவதற்காகப் பழைய சாமான்களையெல்லாம் தூக்கிப்போட நினைக்கும் ஜீன், விட்டுப்போன அப்பாவின் பியானோவைத் தரமாட்டேன் என்கிற அம்மா. ஜீன் நல்லவள் என்று சொல்ல முடியாது, சுயநலக்காரி, அதை மறைக்காமல் நடித்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் டேப் ரெக்கார்டர் கிடக்கிறது. இந்தப் படம் பார்த்த பிறகு அதைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி அம்மாவிடம் நான் பேச்செடுக்கவே இல்லை.

முதலில் 'பேட் ஜீனியஸ்' பாருங்கள், 'ஹங்கர்' அப்புறம். டப்பிங் வேண்டாம், தாய்லாந்து மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். ஒக்பேப் பேசுவது கொஞ்சம்தான், ஆனால் பேசுவதற்கு முன்னால் இழுக்கிற அந்த மூச்சு அவருடையதாக இருக்க வேண்டும்.