பேங்க் போன இடத்துல வீடா, கடையா? நியூயார்க் வால் ஸ்ட்ரீட் ஏரியாவும் லண்டன் சிட்டியும்

பழைய பேங்க் ஏரியா காலியாக ஆரம்பிச்சா என்ன பண்றதுங்கிற கேள்விக்கு இந்த ரெண்டு ஊரும் நேரெதிர் பதில் சொல்லிருக்கு. நியூயார்க் ஆளுங்கள குடி வச்சுது, லண்டன் ஆபீஸ விடாம புடிச்சுக்கிட்டு நடுநடுவுல கடையும் ஹோட்டலும் கொண்டு வந்துச்சு. என்னைக் கேட்டா நியூயார்க் பண்ணதுதான் சரி, ஆனா அதுலயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு.

வால் ஸ்ட்ரீட் இருக்கிற லோயர் மன்ஹாட்டன்ல 1995லயே ஆபீஸ் கட்டடத்த வீடா மாத்துனா சொத்து வரில சலுகைன்னு 421-ஜி திட்டம் வந்துச்சு. பெரிய பேங்குங்க மன்ஹாட்டனோட நடுப்பகுதியான மிட்டவுன் பக்கம் நகர நகர, 20 எக்ஸ்சேஞ்ச் பிளேஸ், 70 பைன் ஸ்ட்ரீட்னு 1930கள்ல எழும்புன டவர் எல்லாம் அபார்ட்மென்ட் ஆயிடுச்சு. அந்தக் காலத்து டவர் மேல போகப் போக ஒல்லியாகும், எந்த ரூமுக்கும் ஜன்னல் கிடைச்சிடும், அதனால மாத்துறது அவ்வளவு கஷ்டம் இல்ல. ஏசியையும் டியூப்லைட்டையும் நம்பி அப்புறம் கட்டுன அகலமான கட்டடங்கதான் தலைவலி, நடுவுல வெளிச்சமே வராது. 25 வாட்டர் ஸ்ட்ரீட்ல என்ன பண்ணாங்கன்னா கட்டடத்துக்குள்ளயே ரெண்டு பெரிய வெளிச்சக் கிணறு வெட்டி, அதுல போன இடத்துக்கு ஈடா மேல பத்து மாடி ஏத்தி, 1,300 வீட்டுக்கு மேல கொண்டு வந்துட்டாங்க. நிஜமாவே அசந்துட்டேன்.

லண்டன் சிட்டில (முழு லண்டன் இல்ல, அதுக்குள்ள இருக்கிற பழைய பேங்க் ஏரியா மட்டும்) நிலைமையே வேற. தினமும் வேலைக்கு வர்றவங்க ஆறு லட்சத்துக்கும் மேல, ஆனா 2021 சென்சஸ்படி அங்கேயே குடியிருக்கிறவங்க 8,600 பேர்தான், அதுலயும் நிறைய பேர் பார்பிகன்ங்கிற குடியிருப்புல. புது வீடு வேணும்னாலும் ஏற்கனவே வீடு இருக்கிற பக்கமா கட்டுங்கன்னுதான் பிளான். தொழில் சிதறாம ஒரே இடத்துல இருக்கணும்னு அவங்க நினைக்கிறது புரியுது, பழைய கட்டடத்தையும் அழகாத்தான் வச்சிருக்காங்க. ஆர்க்கிடெக்ட் லட்யன்ஸ் டிசைன் பண்ண மிட்லண்ட் பேங்க் தலைமை ஆபீஸ் 2017ல ‘தி நெட்’ ஹோட்டல் ஆச்சு, அந்த வால்நட் மர கவுன்டருங்க அப்படியே இருக்கு, லாக்கர் ரூம் பாரா மாறிடுச்சு. செயின்ட் பால்ஸ் சர்ச் பக்கத்துல 2010ல ஒன் நியூ சேஞ்ச் மாலும் தொறந்தாங்க. இருந்தும் சனி ஞாயிறு உள்சந்துல போய்ப் பாருங்க, சாண்ட்விச் கடை பாதிக்கு மேல ஷட்டர் போட்டிருக்கும், ஏன்னா வாங்குற ஆளு வீட்டுக்குப் போயாச்சு.

இங்கதான் நியூயார்க்கோட ஒன் வால் ஸ்ட்ரீட் கட்டடம் எனக்குப் புடிச்சுது. 1931ல இர்விங் டிரஸ்ட் பேங்குக்காக கட்டுனது, இப்போ மேல 566 வீடு, கீழ ஹோல் ஃபுட்ஸ் சூப்பர்மார்க்கெட், 2025 மார்ச்சுல பாரிஸோட பிரான்தாம் (Printemps) டிபார்ட்மென்ட் ஸ்டோரும் வந்துடுச்சு. அதுல ரெட் ரூம்னு ஒரு ஹால், ஹில்ட்ரெத் மையர்ங்கிற ஆர்ட்டிஸ்ட் பண்ண மொசைக், தரைப் பக்கம் ரத்தச் சிவப்புல ஆரம்பிச்சு மேல ஏற ஏற ஆரஞ்சு, தங்கம்னு வெளிறிக்கிட்டே போகும். ரொம்ப வருஷம் பூட்டிக் கிடந்த அந்த ஹால்ல இப்போ செருப்பு விக்கிறாங்க, பரவால்ல, யார் வேணா உள்ள போய் அண்ணாந்து பாக்கலாம்ல.

அந்த ஓட்டை என்னன்னா வாடகை. 421-ஜில சலுகை வாங்குன பில்டர், குறைஞ்ச வருமானக்காரங்களுக்குன்னு ஒரு வீடு கூட ஒதுக்க வேண்டியதில்ல. 2024ல வந்த 467-எம் சலுகைலதான் நாலுல ஒரு வீடு கட்டுபடியாகுற வாடகைக்கு விடணும்னு எழுதுனாங்க. லண்டன் என்னைக்காவது வீடு பக்கம் திரும்புனா இந்த நாலுல ஒண்ண முதல் நாளே சட்டத்துல போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும், கட்டடம் எல்லாம் கைமாறுனதுக்கு அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.