ஃபிரேம் பாயிண்டரா, ஆர்க்கா: கெர்னல் ஸ்டாக் டிரேஸுக்கு எதை நம்புவது?

திருமங்கலம், கப்பலூர் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் ஓடும் எக்ஸ்86 கன்ட்ரோலர் பெட்டிகளுக்கு லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) நாங்களே பில்டு செய்து தருகிறோம். இயந்திரங்களோடு பேசும் டிரைவரும் எங்களுடையதுதான். கெர்னல் கிராஷ் ஆனால் கைக்கு வருவது ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ மட்டுமே. "தம்பி, என்னென்னமோ எழுத்தா ஓடி அப்படியே நின்னு போச்சு, படம் போட்டிருக்கேன் பாருங்க" என்பார். அந்தப் படத்தில் இருக்கும் ஸ்டாக் டிரேஸ், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல், பொய் சொன்னால் வேறு சாட்சி கிடையாது. அதனால் புதுக் கெர்னலுக்கு மாறும்போது, ஸ்டாக்கைப் படித்து அந்தப் பட்டியலை எடுத்துத் தரும் அன்வைண்டரை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தோம். ஃபிரேம் பாயிண்டர், ஆர்க் (ORC) என்ற இரண்டு அன்வைண்டர்களில் ஆர்க் பக்கம் போனோம், என் சாய்வும் அங்கேதான்.

போட்டியில் இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஸ்டாக்கில் முகவரி மாதிரி தெரிவதையெல்லாம் அச்சிடும் 'கெஸ்' முறை, மெமரிக்குப் பஞ்சமான குட்டி போர்டுகளுக்கு மட்டும். டுவார்ஃப் என்ற டீபக் தகவலை வைத்து நடக்கும் அன்வைண்டர் ஒரு காலத்தில் அதிகாரபூர்வ கெர்னலுக்குள் வந்தது. கிராஷை விளக்க வேண்டிய அதுவே கிராஷ் ஆனதால் 2006 கடைசியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தூக்கிவிட்டார்.

மீதி இரண்டு. ஃபிரேம் பாயிண்டர் முறையில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும்போது ஆர்பிபி ரெஜிஸ்டரின் பழைய மதிப்பை ஸ்டாக்கில் போட்டு ஒரு சங்கிலியில் தன்னைக் கோத்துக்கொள்ளும். படிக்க எளிது. ஆனால் எல்லா ஃபங்ஷனிலும் கூடுதல் கட்டளைகள். கெர்னல் ஆவணப்படி டெக்ஸ்ட் (கெர்னலின் கட்டளைகள் இருக்கும் பகுதி) அளவு சுமார் 3.2% கூடுகிறது. கெர்னல் டெவலப்பர் மெல் கோர்மன் அளந்தபோது சில வேலைகளில் 5 முதல் 10% வரை வேகம் குறைந்திருக்கிறது. 2017இல், 4.14 கெர்னலில் வந்த ஆர்க், ஓடும் புரோகிராமைத் தொடுவதே இல்லை. எந்தக் கட்டளையில் நிற்கும்போது ஸ்டாக் எப்படி இருக்கும் என்பதைத் தனி அட்டவணையாக வைத்துக்கொள்கிறது. விலை, 2 முதல் 4 எம்பி ரேம். இன்றைய பெட்டியில் அது ஒரு செலவே இல்லை.

இவ்வளவு மட்டும் என்றால் எதை எடுத்தாலும் பாதகமில்லை. எங்களுக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. டிரேஸ் சரியாக இருப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி.

சி மொழியில் எழுதியதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். தொல்லை, கையால் எழுதிய அசெம்பிளியில்தான் (பிராசஸர் கட்டளைகளையே நேராக எழுதுவது). ஃபிரேம் பாயிண்டர் முறையில் அங்கே சங்கிலியைக் கோப்பது எழுதுகிறவர் வேலை. மறந்தாலும் ஃபங்ஷன் ஒழுங்காகத்தான் ஓடும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். என்றைக்கோ ஒரு நாள் மில்லிலிருந்து வரும் போட்டோவில் அந்த ஃபங்ஷனை அழைத்தவரின் பெயர் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். மொய் நோட்டு மாதிரிதான், எழுதுகிறவர் ஒரு வரியை விட்டுவிட்டால் பந்தியில் உட்கார்ந்திருந்தவரும் கணக்கில் வரமாட்டார். எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாலும் ஃபங்ஷனின் முதல் ஓரிரு கட்டளைகளுக்குள் இன்டரப்ட் (ஹார்டுவேரின் குறுக்கீடு) வந்துவிட்டால் அதை அழைத்தவரின் பெயர் விடுபடும். எங்கள் டிரைவருக்கு வேலையே இன்டரப்டோடுதான்.

ஆர்க்கில் அட்டவணையை மனிதர் எழுதுவதில்லை. பில்டு நேரத்தில் கெர்னலோடு வரும் ஆப்ஜ்டூல் என்ற கருவி, கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைலைப் பிரித்து, கட்டளை கட்டளையாக எல்லாக் கிளைகளிலும் போய்ப் பார்த்துத் தானே கணக்கிடுகிறது. சாதாரண அசெம்பிளி ஃபங்ஷனுக்கு ஸ்டாக் பற்றி நாம் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். ஸ்டாக்கைக் கோணலாக விட்டுவிட்டு ரிட்டர்ன் ஆனால் அப்போதே எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கை வந்தால் பில்டே நிற்கும்படி எங்கள் ஸ்கிரிப்டில் வைத்திருக்கிறோம். சின்னக் குழுவுக்கு இது பெரிய விஷயம். புதிதாகச் சேர்ந்த பையன் அசெம்பிளியைத் தொட்டாலும் தவறு மதுரையில் எங்கள் ஆபீஸிலேயே பிடிபடும், மில் வரை போகாது.

ஆப்ஜ்டூலும் சில நேரம் படுத்தும். கம்பைலர் பதிப்பை மாற்றினால் புரியாத எச்சரிக்கைகள் வரலாம். பில்டு மெஷினில் லிப்எல்ஃப்-டெவ் என்ற லைப்ரரி பேக்கேஜ் இல்லையென்றால் ஆர்க் தகவலை உருவாக்க முடியாது என்று கெர்னல் பில்டு நின்றுவிடும். அப்புறம், பிபிஎஃப் ஜிட் (கெர்னலுக்குள் ஏற்றும் குட்டி புரோகிராம்களை அங்கேயே கம்பைல் செய்வது) மாதிரி ஓடும்போது உருவாகும் கோடுக்கு அட்டவணையே இருக்காது. அங்கே ஆர்க் ஃபிரேம் பாயிண்டரை நம்பித் தொடரும், ஆனால் அந்த டிரேஸை நம்பகமானது என்று சொல்லாது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

"உபுண்டு 24.04இல் ஃபிரேம் பாயிண்டரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்களே அண்ணே" என்று ஆபீஸில் ஒருவன் கேட்டான். அது கெர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் பக்க பேக்கேஜ்களுக்கு, புரொஃபைலிங் (எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பது) வசதிக்காக. கெர்னல் கதை வேறு.

லைவ்பேட்ச், அதாவது ரீபூட் இல்லாமலே ஓடும் கெர்னலைத் திருத்துவது, செய்ய நினைப்பவர்களுக்கு ஆர்க்கில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. பழைய ஃபங்ஷன் ஒரு டாஸ்க்கின் (ஓடும் ஒரு வேலையின்) ஸ்டாக்கில் இல்லை என்று உறுதியானால்தான் அந்த டாஸ்க்கைப் புதியதற்கு மாற்றலாம். கெர்னலுக்குள் இருக்கும்போது இன்டரப்ட் பாய்ந்து நின்ற டாஸ்க் என்றால் ஃபிரேம் பாயிண்டர் கெர்னல் 'நம்ப முடியாது' என்று கைவிரித்துவிடும், பிறகு மறுபடி முயல வேண்டும். ஆர்க் அதையும் தாண்டிப் படிக்கும். மூன்று ஷிஃப்ட் ஓடும் மில்லில் ரீபூட்டுக்கு அனுமதி கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் நாங்கள் லைவ்பேட்சை ஆபீஸ் மேசையில்தான் ஓட்டியிருக்கிறோம், மில்லில் இன்னும் இல்லை.

ஆர்ம்64 போர்டு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஃபிரேம் ரெக்கார்டு (அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி) ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைக்கும் மரபிலேயே இருக்கிறது, ரெஜிஸ்டர்களுக்கும் பஞ்சமில்லை. அங்கே நான் ஃபிரேம் பாயிண்டரையே விட்டு வைத்திருக்கிறேன்.